அடுத்த வண்டி எப்போது?

ரயில் பெட்டிகளைச் செய்து ஊருக்கெல்லாம் அனுப்பும் சென்னையில், அலுவலக நேரத்தில் ஏற ஒரு பெட்டி கிடைப்பதில்லை. லட்சக்கணக்கானோரின் அன்றாடப் பிழைப்பைச் சுமக்கும் மின்சார ரயிலுக்கு ஏன் இந்த நிலை?

காலை ஏழே முக்கால் மணிக்குக் கூடுவாஞ்சேரி ரயில் நிலையத்தில் நின்று பாருங்கள். மகளிர் பெட்டி எந்தத் தூணுக்கு நேராக வந்து நிற்கும், மாம்பலத்தில் படிக்கட்டுக்கு அருகில் இறங்க எந்தப் பெட்டியில் ஏற வேண்டும் என்பதெல்லாம் அங்கே நிற்பவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். செங்கல்பட்டில் புறப்படும் வண்டி மறைமலைநகரைத் தாண்டும்போதே இருக்கைகளை நிரப்பிக்கொண்டு வருகிறது. கூடுவாஞ்சேரியில் ஏறுபவருக்கு நிற்க இடம் கிடைக்கும். ஊரப்பாக்கத்தில் ஏறுபவருக்குக் கைப்பிடி கிடைத்தால் பெரிது. வண்டலூரில் ஏறுபவர் வாசலோரம். பெருங்களத்தூரில் ஏறுபவர் படியில். தாம்பரத்திலிருந்தே புறப்படும் வண்டிகள் இருப்பதால் அங்கே கொஞ்சம் மூச்சு விடலாம். அதுவரையிலான பயணம் பலருக்கு நின்ற நிலையிலேயே கழிந்திருக்கும்.

இது எல்லாம் சரியாக ஓடும் நாளின் காட்சி. ஒரே ஒரு வண்டி ரத்து என்று ஒலிபெருக்கி சொன்னால் போதும், அடுத்து வரும் வண்டியில் இரண்டு வண்டிக் கூட்டம். தி.நகர் ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்ணுக்கு அரை நாள் சம்பளம் போகும். மருத்துவமனையில் துப்புரவுப் பணி செய்பவர் ஷிஃப்ட் மாற்றிவிடத் தாமதமானால், இரவெல்லாம் விழித்தவர் வீட்டுக்குப் போக முடியாது. கல்லூரி மாணவருக்குத் தேர்வு மண்டபக் கதவு சாத்தப்படும். வண்டி ரத்தாவதால் யாருக்கு எவ்வளவு இழப்பு என்று எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படுவதில்லை.

பரங்கிமலையில் ஒரு காலை

2018 ஜூலை 24. காலை அலுவலக நேரம். கோடம்பாக்கம் பக்கத்தில் உயர்மின் கம்பியில் கோளாறு ஏற்பட்டதால், மின்சார ரயில்கள் வழக்கமான பாதையை விட்டு விரைவு ரயில்கள் போகும் பாதையில் திருப்பிவிடப்பட்டன. காத்திருந்து காத்திருந்து சேர்ந்த கூட்டம் சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து திருமால்பூர் போகும் வண்டியில் தொற்றிக்கொண்டது. பரங்கிமலை நிலையத்தில் விரைவுப் பாதையை ஒட்டி ஒரு கான்கிரீட் சுவர் இருந்தது. படியில் தொங்கியவர்கள் அதில் மோதி விழுந்தார்கள். நான்கு பேர் அன்றே இறந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள்.

அப்போது எழுந்த முதல் பேச்சு, "படியில் பயணம் செய்வது குற்றம்" என்பது. சட்டப்படி அது சரிதான். ஆனால் அன்றைக்கு உள்ளே கால் வைக்க இடமிருந்தும் வேடிக்கைக்காகத் தொங்கியவர்கள் எத்தனை பேர்? ஒரு கோளாறு, சில வண்டிகளின் தாமதம், மாற்றுப் பாதை: இந்த மூன்றும் சேர்ந்தால் உயிர் போகும் அளவுக்கு ஒரு ரயில் அமைப்பு எப்போதும் விளிம்பில் நிறைந்து ஓடுகிறது என்றால், குற்றத்தைப் படியில் நின்றவர் தலையில் மட்டும் போட்டுவிட முடியாது. 2025 ஜூன் 9 அன்று மும்பையை அடுத்த மும்ப்ராவில் எதிரெதிரே கடந்த இரண்டு ரயில்களின் படிகளில் தொங்கியவர்கள் உரசி விழுந்து உயிரிழந்தார்கள். ஊர் வேறு, காரணம் ஒன்று: ஏற வேண்டியவர்களுக்குப் போதுமான வண்டி இல்லை.

ரயில் வந்தது, ஊர் வந்தது

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பம்பாயில் 1925-ல் மின்சார ரயில் வந்து ஆறே ஆண்டுகளில், தென்னிந்திய ரயில்வே நிறுவனம் மீட்டர்கேஜ் தடத்தில் அதைச் செய்து காட்டியது. அப்போது சைதாப்பேட்டைக்குத் தெற்கே வயலும் ஏரியும்தான் மிகுதி. இன்றைய மேற்கு மாம்பலம், நங்கநல்லூர், குரோம்பேட்டை, தாம்பரம் எல்லாம் அந்தத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த ஊர்கள். நகரத்துக்குள் வாடகை கொடுக்க முடியாதவர்கள் "ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்" என்று பார்த்து மனை வாங்கினார்கள். சென்னையின் நடுத்தர வர்க்கத்துக்குச் சொந்த வீடு தந்ததில் இந்த ரயிலுக்குப் பெரிய பங்கு உண்டு.

2004 ஜூலையில் கடைசி மீட்டர்கேஜ் மின்சார ரயில் ஓடி முடிந்தது. அதற்குள் நகரம் தாம்பரத்தைத் தாண்டிவிட்டது. இன்று தெற்கே செங்கல்பட்டு, மேற்கே அரக்கோணம், வடக்கே கும்மிடிப்பூண்டி, இவற்றோடு வேளச்சேரிப் பக்கம் மேம்பாலத் தடத்தில் ஓடும் பறக்கும் ரயில் என நான்கு திசைக்கும் அறுநூறுக்கும் மேற்பட்ட நடைகள் தினமும் ஓடுகின்றன. திருவள்ளூர் பக்கத்தில் இன்னும் பெரியவர்கள் "யூனிட்" என்றுதான் இந்த ரயிலைச் சொல்வார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டை இயங்குவதும் யூனிட்டால்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

"இன்னும் நாலு வண்டி விடக்கூடாதா?" என்று நடைமேடையில் கேட்கும் கேள்விக்குப் பின்னால் ஓர் எளிய கணக்கு இருக்கிறது.

கடற்கரையிலிருந்து தாம்பரம் 29 கிலோமீட்டர். ஒரு வண்டி போய்ச் சேர ஏறத்தாழ ஒரு மணி நேரம். திரும்பிவர இன்னொரு மணி நேரம். இரு முனையிலும் ஓட்டுநர் முன்பெட்டியிலிருந்து பின்பெட்டிக்கு மாறிப் புறப்படச் சில நிமிடங்கள். ஆக ஒரு சுற்றுக்கு இரண்டு மணி பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி வேண்டுமானால் பதின்மூன்று வண்டித் தொடர்கள் தேவை. ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் இருபத்தாறு.

இப்போது அதே வண்டியைச் செங்கல்பட்டு வரை நீட்டுங்கள். 60 கிலோமீட்டர். ஒரு சுற்று ஏறத்தாழ நான்கு மணி நேரம். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்ற அதே சேவைக்கு இப்போது இருபத்து நான்கு தொடர்கள் வேண்டும். பயணியின் கண்ணுக்கு எதுவும் கூடவில்லை, காத்திருக்கும் நேரமும் குறையவில்லை. ஆனால் தேவைப்படும் வண்டிகள் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

நம் நெருக்கடியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. நகரம் ஒவ்வொரு கிலோமீட்டர் வெளியே தள்ளிப் போகும்போதும், இருக்கும் வண்டிகள் அந்த நீளத்தில் விரவிப் போகின்றன. புது வண்டி சேர்க்காமல் பாதையை மட்டும் நீட்டுவது, இருக்கிற மாவில் தண்ணீர் ஊற்றித் தோசை எண்ணிக்கையைக் கூட்டுவது போலத்தான். இது தோராயமான கணக்கு. தாம்பரம், ஆவடி பணிமனைகளில் பராமரிப்புக்காக நிற்கும் வண்டிகளையும், ஒரு வண்டி பழுதானால் மாற்றாக நிறுத்திவைக்க வேண்டிய வண்டிகளையும் இதில் சேர்க்கவில்லை. ஓட்டுநர், கார்டு பணியிடங்களையும் சேர்க்கவில்லை.

ஒன்பது பெட்டி வண்டிகளைப் பன்னிரண்டாக நீட்டியது நல்ல காரியம். அதனால் நெரிசல் கொஞ்சம் தணிந்தது. ஆனால் நீளமான வண்டி ஒருபோதும் அடிக்கடி வரும் வண்டிக்கு ஈடாகாது. இருபது நிமிடம் காத்திருக்க நேர்ந்தால், வேறு வழி உள்ளவர் இரு சக்கர வாகனத்தை எடுத்துவிடுவார். வழியில்லாதவர் நிற்பார்.

தடத்தில் யாருக்கு முதலிடம்?

வண்டி இருந்தால் மட்டும் போதாது, ஓடத் தடமும் வேண்டும். தாம்பரத்துக்குத் தெற்கே செங்கல்பட்டு வரை மூன்று தடங்கள். தென் மாவட்டங்களுக்குப் போகும் விரைவு ரயில்கள், சரக்கு வண்டிகள், மின்சார ரயில் எல்லாம் அவற்றில்தான். நான்காவது தடத்துக்கு 2025-ல்தான் ஒப்புதல் கிடைத்தது. வடக்கே அத்திப்பட்டைத் தாண்டியவுடன் நெடுங்காலமாக இரண்டே தடங்கள். டெல்லிக்கும் ஹவுராவுக்கும் போகும் நெடுந்தூர வண்டிகள் வரும்போது, பொன்னேரிக்காரரும் கும்மிடிப்பூண்டிக்காரரும் வழியில் காத்துக் கிடக்க வேண்டியதுதான். அவர்களுக்கு "சிக்னல் போடலை" என்பது தினசரிச் சொல்.

தடம் போடும் வேலையின் வேகத்துக்கு ஓர் உதாரணம் போதும். கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது தடம் போட வேண்டியது 4.3 கிலோமீட்டர். அதற்காக 2023 ஆகஸ்ட் 27 முதல் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயில் நிறுத்தப்பட்டது. ஏழு மாதம் என்றார்கள். 2024 அக்டோபர் 29 அன்றுதான் வண்டி மீண்டும் ஓடியது. பதினான்கு மாதம்.

அதே பறக்கும் ரயிலை வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை நீட்டும் பணி 2008-ல் தொடங்கியது. ஐந்து கிலோமீட்டர். ஆதம்பாக்கத்தில் சுமார் 500 மீட்டர் நிலத்துக்கான வழக்கில் சிக்கி, பதினைந்து ஆண்டுகள் கடந்தும் இழுபட்டது. அந்தத் தூண்களின் நிழலில் ஒரு தலைமுறை பிறந்து பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டது.

கிளாம்பாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தென் மாவட்டப் பேருந்துகளுக்கான பிரம்மாண்டப் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. மின்சார ரயில் தடம் ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில் ஓடுகிறது. ஆனால் முனையம் திறந்த நாளில் அங்கே ரயில் நிலையம் இல்லை. மூட்டை முடிச்சோடு வந்து இறங்கியவர்கள் வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போய் ரயில் பிடிக்க வேண்டியிருந்தது. பேருந்து நிலையம் கட்டியது மாநில அரசு. ரயில் நிலையம் ரயில்வேயின் பொறுப்பு. இரண்டும் ஒரே நாளில் திறக்கப்பட வேண்டும் என்பது யாருடைய பொறுப்பாகவும் இல்லை.

செய்வது இங்கே, ஓடுவது எங்கே?

பெரம்பூரில் இருக்கும் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையை 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்துவைத்தார். 2024-25 நிதியாண்டில் மட்டும் அங்கே தயாரான பெட்டிகள் மூவாயிரத்தைத் தாண்டின. வந்தே பாரத் பிறந்ததும் அங்கேதான். இந்தியாவின் முதல் குளிர்சாதன மின்சார ரயிலும் அங்கே தயாரானதே. 2017 டிசம்பர் 25 அன்று அது மும்பையில் ஓடத் தொடங்கியது. சென்னைக் கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே முதல் குளிர்சாதன மின்சார ரயில் ஓடியது 2025 ஏப்ரல் 19 அன்று.

மும்பைக்கு முதலில் போனதில் தவறில்லை. அங்கே நெரிசல் இதைவிடப் பல மடங்கு. ஆனால் இரும்புக்கோ தொழில்நுட்பத்துக்கோ கைத்திறனுக்கோ இங்கே பஞ்சம் இல்லை என்பது இதனால் தெளிவாகிறது. எந்த வண்டி, எந்த ஊருக்கு, எப்போது என்று தீர்மானிக்கும் இடத்தில் சென்னை மின்சார ரயிலுக்காகப் பேச ஆள் இல்லை. பஞ்சம் அங்கேதான்.

ஐந்து ரூபாய் டிக்கெட்

ரயில்வே தரப்பு நியாயத்தையும் கேட்க வேண்டும். மின்சார ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். இன்று ஒரு டீ அதைவிட விலை. மாதாந்திர சீசன் டிக்கெட்டுக்கு, ஏறத்தாழ பதினைந்து முறை பயணம் செய்யும் கட்டணம்தான் கணக்கு. மாதம் ஐம்பது முறை பயணம் செய்பவரும் அதையே கொடுக்கிறார். 2014 ஜூனில் இதை முப்பது பயணக் கட்டணமாக உயர்த்த அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. 2025 ஜூலையில் நாடு முழுவதும் ரயில் கட்டணம் கூடியபோதும் புறநகர் ரயிலுக்கும் சீசனுக்கும் விலக்குக் கொடுக்கப்பட்டது.

பயணச் செலவில் சராசரியாக 57 விழுக்காடுதான் கட்டணமாக வசூலாகிறது என்று ரயில்வே டிக்கெட்டிலேயே அச்சடித்துக் கொடுத்தது. மீதியைச் சரக்கு வண்டி வருமானம் ஈடுகட்டுகிறது. நூறு ரூபாய் சம்பாதிக்க 98 ரூபாய் செலவழிக்கும் நிலையில்தான் ரயில்வேயின் கணக்குப் புத்தகம் இருக்கிறது. அந்தக் கண்ணால் பார்த்தால், புது மின்சார ரயில் ஒவ்வொன்றும் புது நட்டம். நட்டம் தரும் பிள்ளைக்குப் பண்டிகைத் துணி கடைசியில்தான் வாங்குவார்கள்.

கட்டணம் உயராததைத் தங்கள் வெற்றியாக எல்லாக் கட்சிகளும் சொல்லிக்கொள்கின்றன. டிக்கெட் விலையை உயர்த்தாமல் வைத்துவிட்டு, அந்த இடைவெளியை யார் நிரப்புவது என்று யாரும் பேசுவதில்லை. அதன் விளைவு கட்டணப் பட்டியலில் தெரியாது, நடைமேடையில் தெரியும். மலிவான டிக்கெட் கையில் இருக்கிறது, வண்டி இல்லை. ஷேர் ஆட்டோவுக்கும் பெட்ரோலுக்கும் அரை நாள் சம்பளப் பிடித்தத்துக்கும் அந்த டிக்கெட்டை வைத்திருக்கும் ஏழை கொடுக்கும் பணம், உயராமல் நின்ற கட்டணத்தைப் போல் எத்தனையோ மடங்கு.

குளிர்சாதன வண்டியில் கட்டணம் 35 ரூபாயில் தொடங்கி, கடற்கரையிலிருந்து செங்கல்பட்டுக்கு 105 ரூபாய் வரை போகிறது. கொடுக்க முடிந்தவர் போகட்டும். கார்களைச் சாலையிலிருந்து குறைத்தால் அதுவும் நன்மையே. ஆனால் உச்ச நேரத்தில் ஒரு சாதாரண வண்டியின் இடத்தை அது எடுத்துக்கொள்ளக் கூடாது.

2017-க்குப் பிறகு ரயில்வேக்குத் தனி பட்ஜெட் இல்லை. எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு என்பது "பிங்க் புக்"கில் வரும். தமிழ்நாட்டுத் திட்டங்கள் சிலவற்றுக்கு அதில் பெயரளவுக்கு ஆயிரம் ரூபாய் ஒதுக்கிய ஆண்டுகள் உண்டு. மாமல்லபுரம் வழியாகச் சென்னையைக் கடலூரோடு இணைக்கும் பாதை அப்படி ஆயிரம் ரூபாயில் உயிர் பிடித்துக் கிடந்த திட்டங்களில் ஒன்று. கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக ஊர் வளர்ந்துகொண்டே போகிறது. தண்டவாளம் காகிதத்தில் இருக்கிறது.

பொறுப்பேற்க ஒரு கை

இதே நகரத்தில் மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டருக்கு, 63,246 கோடி ரூபாய் செலவில் நடக்கிறது. 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மெட்ரோ வேண்டும், வரட்டும். அதற்கு மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து நடத்தும் ஒரு நிறுவனம் இருக்கிறது, தனிக் கணக்கு இருக்கிறது, தவறு நடந்தால் கேட்க ஒரு முகவரி இருக்கிறது. மின்சார ரயிலுக்கு இவை எதுவும் இல்லை. ரயில்வேக்கு அது நட்டம் தரும் கிளை. மாநில அரசுக்கு அது டெல்லியின் சமாச்சாரம். அண்ணனும் தம்பியும் "உன் முறை" என்று சொல்லிக்கொண்டிருக்க, பசியோடு காத்திருக்கும் தாயின் நிலை.

மும்பையில் 1999-லேயே ரயில்வேயும் மகாராஷ்டிர அரசும் 51:49 பங்கில் எம்.ஆர்.வி.சி. என்ற நிறுவனத்தைத் தொடங்கின. உலக வங்கிக் கடனோடு புதுத் தடங்கள், புது வண்டிகள், நீண்ட நடைமேடைகள் வந்தன. கூட்டு நிறுவனம் என்ற பெயரே எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. பெங்களூரில் புறநகர் ரயிலை ஒரு கூட்டு நிறுவனத்திடம் ஒப்படைத்து, 2022 ஜூனில் அடிக்கல்லும் நாட்டினார்கள். ஆண்டுகள் ஓடின, வண்டி ஓடவில்லை. ஆனால் அங்கே தாமதம் என்றால் யாரைக் கேட்பது என்று தெரியும். இங்கே அதுவே தெரியாது.

மாநில அரசால் முடியாது என்று சொல்வதற்கும் இடமில்லை. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். அந்தத் தொகையை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடு செய்கிறது. வேலைக்குப் போகும் ஏழையின் பயணம் பொதுச் செலவு என்ற கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டது. பேருந்துப் படியில் ஏறும்போது ஒப்புக்கொண்டதை, ரயில் படியில் ஏறும்போது மறுக்க என்ன நியாயம்? பறக்கும் ரயிலை மெட்ரோ நிறுவனத்தோடு இணைக்க 2025-ல் ரயில்வே வாரியம் கொள்கை அளவில் ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த வாசல் திறந்த இடத்திலிருந்து மற்ற மூன்று வழித்தடங்களைப் பற்றியும் பேசத் தொடங்கலாம்.

செய்ய வேண்டியவை

முதலாவது, கணக்கு வெளியே வரட்டும். இன்று எத்தனை வண்டித் தொடர்கள் தேவை, எத்தனை பணிமனையிலிருந்து வெளியே வந்தன, எத்தனை நடைகள் ரத்தாயின, ஏன் ரத்தாயின என்பதை அன்றன்றே வெளியிட வேண்டும். அணை நீருக்குத் தினசரிக் கணக்கு சொல்லும் ஊரில் இது முடியாத காரியம் அல்ல.

இரண்டாவது, ரயில்வேயும் மாநில அரசும் சேர்ந்து சென்னைப் புறநகர் ரயிலுக்கென்று ஒரு நிறுவனம். வரவு, செலவு, பற்றாக்குறை எல்லாம் தனிக் கணக்கில். பற்றாக்குறையை இரு அரசுகளும் எந்த விகிதத்தில் ஏற்கும் என்பது எழுத்தில்.

மூன்றாவது, ஆண்டுக்கு இத்தனை புது வண்டித் தொடர்கள் சென்னைக்கு என்று ஐ.சி.எஃப். உற்பத்தித் திட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். தாம்பரத்துக்குத் தெற்கேயும் அத்திப்பட்டுக்கு வடக்கேயும் கூடுதல் தடங்கள் முடியும் தேதியும் அதோடு சேர்ந்து அறிவிக்கப்பட வேண்டும்.

நான்காவது, கட்டணம். வண்டி வந்த பிறகு, காத்திருக்கும் நேரம் பாதியான பிறகு, ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் கூடினால் பெரும்பாலோர் கொடுப்பார்கள் என்றே நினைக்கிறேன். அந்த ரூபாய் இதே ரயிலுக்குத் திரும்பிவரும் என்ற உறுதி மட்டும் வேண்டும். வண்டி வராமல் கட்டணம் கூடக் கூடாது.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும், எந்தக் கட்சியானாலும், உங்கள் நிலையத்தின் பெயரைச் சொல்லி இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: காலை எட்டு மணிக்கு எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி வரும், எந்தத் தேதியிலிருந்து? நாடாளுமன்றத்துக்குப் போகிறவரையும் கேளுங்கள், சட்டமன்றத்துக்குப் போகிறவரையும் கேளுங்கள். இருவரில் ஒருவர் "அது என் வேலை இல்லை" என்றால், பரங்கிமலைச் சுவரில் மோதி இறந்தவர்கள் யாருடைய பொறுப்பு என்று கேளுங்கள். அவர்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். உள்ளே இடம் இருந்திருந்தால் உள்ளேதான் நின்றிருப்பார்கள்.